சுமாரான ஆள்

பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற எங்களுக்கு நாக்கு நேராக இருந்தால் பிழைப்பு ஓடாது. நல்ல தேக்கு பீரோவைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்கி, "சுமார்தான்" என்போம். அது எங்கள் வண்டியில் ஏறும். கறையான் அரித்த கட்டிலைப் பார்த்தால், "அடடா, அருமையான பொருள். இதப் போய் குடுப்பாங்களா, நீங்களே வெச்சுக்கங்க" என்போம். அது அங்கேயே கிடக்கும். சொந்தக்காரர்கள் வாயெல்லாம் பல்லாக வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். சாமானை முதலில் பார்த்தவருக்குத்தான் முதல் பேச்சு. சொன்னதை மாற்றவும் கூடாது. இதெல்லாம் தொழிலில் எழுதாத சட்டம்.

இந்தப் பேச்சு எனக்கு வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பேச்சு வந்தபோது, "ஆள் எப்படி?" என்று அப்பா கேட்டார். "சுமார்" என்றேன். அப்பாவுக்கும் இதே தொழில், மறுபேச்சில்லாமல் கட்டிவைத்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என் நாத்தனார் பத்திரமாகக் கொண்டுபோய் இவர் காதில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து இவருக்கு உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல். வேறு வேலையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர், எங்கள் பேச்சைச் சாமான்களுக்கு மட்டும்தான் பழகிக்கொண்டார். கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே தவிர, வாய் திறந்து கேட்க மாட்டார்.

ஒரு பொம்பளை ஃபோனில் கூப்பிட்டாள். ஹால் நிறைய நாற்காலி கிடக்கு, வந்து பாருங்க என்றாள். நானும் இவரும் பட்டப்பகலில்தான் போனோம். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். புடவையில் ஒரு சுருக்கம் கிடையாது. வீட்டில் ஒரு தூசி கிடையாது. பழைய சாமான் இருக்கிற வீட்டில் தூசி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

ஹாலில் விதவிதமான நாற்காலிகள், எல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி. வழக்கம்போல உட்காருமிடத்தை அமுக்கிப் பார்த்தேன். சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அடுத்ததும் சூடு. அதற்கடுத்ததும்.

"வீட்ல நெறைய பேர் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வருவாங்க. போறதுதான் கம்மி" என்றாள் அவள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கிளம்பலாம் என்று திரும்பினால், இவர் அதற்குள் ஓரத்தில் இருந்த கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பது இவர் வழக்கம். மூட்டு ஆடினால் தெரிந்துவிடும். ஒரு தடவை ஆட்டினார். இரண்டாவது தடவை ஆட்டவில்லை.

"என்னங்க, எந்திரிங்க."

"இரும்மா. நல்லா இருக்கு."

விற்கிறவள் எதிரில் எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கையைப் பிடித்து இழுத்தேன். நாலு பேர் தூக்க வேண்டிய பீரோவை ஒற்றை ஆளாக இழுத்தது போலிருந்தது.

அவள் நிதானமாக வந்தாள். மரத்தைத் தட்டிப் பார்ப்பது போல இவர் தோளில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இவரும் திரும்பினார். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"சுமார்தான்" என்றாள்.

அந்தச் சுமாருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

"பயப்படாத. எனக்கும் இதே தொழில்தான், முறை தெரியும்" என்றாள். "நீதான் இவர மொதல்ல பார்த்தவ, உன் பேச்சுதான் முதல் பேச்சு. சொல்லு, ஆள் எப்படி?"

அந்த நேரத்தில் தொழிலாவது மண்ணாவது. பயத்தில் நான் வெறும் பெண்டாட்டி ஆகிவிட்டேன். எப்படியாவது மனமிரங்கி விட்டுவிட மாட்டாளா என்றுதான் நினைத்தேன்.

"அருமையான மனுஷன்மா" என்றேன். "தங்கம். என்னைய ஒரு நாள் கூட கைய நீட்டி அடிச்சதில்ல, பசிக்க விட்டதில்ல. இவர மாதிரி ஒருத்தர் எங்க தேடினாலும் எனக்குக் கெடைக்க மாட்டாரு."

அத்தனையும் சத்தியம். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் பேச்சைக் கேட்டு வாசல்வரை வந்து வழியனுப்புவார்களே, அவர்கள் முகம் மாதிரியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது.

"அப்ப சரி, இங்கயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

"இல்ல, இல்ல. தப்பா சொல்லிட்டேன். சுமார்தான் இவர். ரொம்ப சுமாரான ஆளு. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் திரையை இழுத்து மூடப் போய்விட்டாள். காதில் வாங்கியது இவர்தான். மலர்ந்த முகம் அப்படியே சுண்டிப் போயிற்று.

"அதானே பார்த்தேன்" என்றார். நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.