அடித்தொண்டைச் சத்தம்

பேஸ் கிட்டாரின் சத்தத்துக்கு வார்த்தை தேடுவதுதான் என் பிழைப்பு. பழைய வாத்தியங்களை வாங்கிப் பழுதுபார்த்து இணையத்தில் விற்கும் கடை எங்களுடையது. சத்தத்தைப் பதிவு செய்து போட்டால் ஆளுக்கொரு போனில் ஒரு மாதிரி கேட்கும், எழுத்துதான் நிற்கும் என்பது முதலாளியின் கட்சி. 'நல்ல சத்தம்' என்று எழுதினால் மனுஷன் குடைந்தெடுத்துவிடுவார்.

கடைக்கு வந்த ஒரு பழுப்பு பேஸுக்கு நான் எழுதியது இது: 'அடித்தொண்டையில் நிதானமாகப் பேசும். அதட்டாது, இழுக்காது. மெத்தையில் உட்காருகிற மாதிரி ஒவ்வொரு சுரமும் அடங்கி நிற்கும்.' ஒரு பல் மருத்துவர் வாங்கினார். வாங்கிய வேகத்தில் திருப்பி அனுப்பினார். தகர டப்பாவில் கரண்டியைப் போட்டு ஆட்டின மாதிரி இருக்கிறதாம்.

முதலாளி வாசித்துப் பார்த்தார். மருத்துவர் சொன்னது சரிதான். என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தக் கட்டையை, அதாவது பிக்கப்பை, யாரோ மாற்றியிருக்கிறார்கள், பழையதற்குக் கிராக்கி அதிகம் என்றார். கடையில் திருப்புளியைத் தொடுகிறவர் ஒரே ஆள், என் கணவர். வீட்டில் ஒரு கண் வைக்கச் சொன்னார். அந்தப் பிக்கப் அங்கே கிடைத்தால் அவருக்கு வேலை போய்விடும் என்பதையும் சொன்னார்.

வீட்டில் அவர் வாசிக்கும் சொந்த பேஸ் கொஞ்ச நாளாகக் குரல் மாறியிருந்தது. முன்பு கணீரென்று இருக்கும். இப்போது அதே அடித்தொண்டை. நான் எழுதிய வார்த்தைகளெல்லாம் என் வீட்டுப் பின்னறையிலிருந்து கேட்டன.

சந்தேகம் புகுந்துவிட்டால் எல்லாமே திருட்டு முழியாகத் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்தால் ஒரு கேள்வி, கை கழுவ நேரமானால் ஒரு கேள்வி. அவர் குளிக்கப் போனபோது பேஸை மடியில் போட்டு மூடியைக் கழற்றினேன். பழைய பிக்கப் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? திருப்புளியும் கையுமாக மாட்டிக்கொண்டேன்.

"கடை பேஸ்லேர்ந்து பிக்கப்பை எடுத்தீங்களா?"

அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. துண்டைத் தோளில் போட்டபடி விளக்கினார். எந்த வாத்தியமும் கடையை விட்டுக் கிளம்பும்போது புதுக் கம்பி மாட்டுவது முதலாளி போட்ட விதி. வழக்கமாகப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தப் பழுப்பு பேஸில் இருந்ததோ வருஷக்கணக்காக விரல் பட்டு அடங்கிப்போன கம்பி. அதைக் கேட்டு நான் எழுதினேன். மருத்துவருக்குப் போனது கணகணக்கும் புதுக் கம்பி. எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"குப்பையில போட்டதைத்தான் எடுத்துட்டு வந்து என்னோடதுல மாட்டினேன். நீ எழுதினதைப் படிச்சேன். உனக்குப் பிடிச்ச சத்தம்னு தோணுச்சு."

நான் கூசிப்போனேன்.

மறுநாள் அந்தக் கம்பிகளைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பழுப்பு பேஸில் மாட்டி, முதலாளி முன்னால் வாசித்தார். முதலாளி அசடு வழிந்து, என்னைக் கண் வைக்கச் சொன்னதையும் ஒப்புக்கொண்டு, மருத்துவருக்கு அப்படியே அனுப்பச் சொன்னார். வேலை தப்பியது.

சாயங்காலம் பேருந்துக்கு நின்றபோதுதான் கேட்டார்.

"முதலாளி என்னைப் பத்தி அப்படிச் சொன்னப்போ, நீ என்ன சொன்னே?"

வார்த்தை தேடிச் சம்பாதிக்கிறவள் நான். அகப்பட்டது இவ்வளவுதான்.

"பாக்கறேன்னு சொன்னேன்."

அவர் தலையாட்டினார். பேருந்து வந்தது. ஜன்னலோர இருக்கையை எனக்குக் காட்டிவிட்டு, பின்னால் போய் வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.