சன்னலோர நாற்காலியில் செலின்

செத்துப்போனவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? எலோடி பட்டாள். படாமல் என்ன செய்வாள்! பாரிஸில் அந்த மாடிவீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த நாள்முதல் சன்னலோர நாற்காலியில் உட்கார அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது செத்துப்போன மூத்தாள் செலின் உட்கார்ந்தது. விளிம்பு உடைந்த நீலக் கோப்பையில் காப்பி ஊற்றக்கூடாது. அது செலின் குடித்தது.

எல்லாம் அவள் புருஷன் ஃபிர்மின் செப்புத்தகட்டில் கீறி அச்சிடும் படத்தில் உள்ளபடியே இருக்கவேண்டும். படத்தில் செலின் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள், கையருகே அந்தக் கோப்பை. படம் வாங்க வருகிறவர்கள், "உங்க மனைவி ரொம்ப அழகு" என்பார்கள், காப்பி கொண்டுவந்த எலோடியை ஏறெடுத்தும் பாராமல்.

"அந்த நாற்காலியில என்னை வச்சு வரைஞ்சா குடியா முழுகிடும்?"

"தகட்டுல அவளை அழிச்சாத்தான் உன்னை வரையமுடியும். எனக்குக் கை வராது எலோடி."

"எனக்கு வரும்."

"வந்தா அந்தத் தகட்டுலயே உன்னை வரையறேன், போ" என்று ஃபிர்மின் சிரித்தான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

மறுநாள் அவன் காகிதம் வாங்கப் போனதும் எலோடி சுரண்டியை எடுத்துத் தகட்டில் இருந்த செலினைச் சுரண்டினாள். முகம், தோள், மடி. செம்பு சுருள்சுருளாக உதிர்ந்தது. கண்ணருகே வந்தபோது, பாவம், இவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று தோன்றத்தான் செய்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கியபோது நாற்காலியும் கோப்பையும்தான் மிச்சம். அப்பாடா என்றிருந்தது.

திரும்பிவந்த ஃபிர்மின் திட்டவில்லை. தகட்டில் மை பூசினான், துடைத்தான், ஈரக் காகிதத்தை வைத்து அச்சுப்பொறியின் உருளையைச் சுற்றினான். காகிதத்தை உரித்ததும் எலோடி ஓரடி பின்வாங்கினாள். நாற்காலியில் கருகருவென்று ஒருத்தி, முகமே இல்லாமல், குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"சுரண்டின இடம் பள்ளமாயிடுச்சு. மையெல்லாம் அங்க போய்த் தேங்கிடுச்சு" என்றான். "பின்பக்கம் தட்டி நிரவினாத்தான் போகும்."

"அப்ப தட்டுங்க! இப்பவே தட்டுங்க!"

அவன் சுத்தியலை எடுத்தான். படத்தை இன்னொரு தடவை பார்த்தான். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"இத்தனை வருஷம் கீறியும் சரியா வரலை. இப்பத்தான் அவளாட்டமே இருக்கா."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்றுமில்லாத அன்போடு சொன்னான்: "இனிமே அந்த நாற்காலியில நீயே உட்கார்ந்துக்கோ எலோடி."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இத்தனை நாள் ஏங்கினாள். நாற்காலி அருகே போனாள். கையை வைத்தாள். உட்கார முடியவில்லை. யாருடைய மடியிலோ உட்காரப்போவது போல இருந்தது.