எட்டாம் கற்பனைக்கு இரண்டு ஓட்டை

கேள்விப் பெட்டி ராயபுரத்துக்கு எப்படி வந்தது என்று ஹென்றியைக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொல்வான். சுருக்கிச் சொன்னால் இதுதான். எழுபத்திரண்டாம் வருஷம், பழுதுபார்க்க வந்து நின்ற ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சாப்பாட்டு அறையிலிருந்து கழற்றிப் போட்ட தட்டுமுட்டுச் சாமான்களோடு அதுவும் பழைய இரும்புக் கடைக்கு வந்தது. ஆளுயர மரப்பெட்டி. காசு போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும். மூன்று பதில், மூன்று பொத்தான். சரியான பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு, தப்பை அமுக்கினால் சிவப்பு.

உள்ளே இருந்த கேள்விகளெல்லாம் இங்கிலீஷ். பாதி கால்பந்து, பாதி அந்த நாட்டு ராஜா ராணி. துறைமுகப் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஹென்றி அதை இரும்பு விலைக்கு வாங்கி வந்து, நாற்பது நாள் மாரடித்து, இங்கிலீஷைத் தூக்கி எறிந்துவிட்டு, சுழலும் உருளையில் இருநூறு அட்டைகளைப் பொருத்தினான். அவன் சொல்லச் சொல்ல, மூன்றாம் வகுப்பு டீச்சரான அவன் மனைவி ஃப்ளோரன்ஸ் கேள்விகளை முத்து முத்தாக எழுதினாள். சரியான பதிலுக்கு நேர் கீழே, செருப்புக் கடையில் இரவல் வாங்கிய துளைப்பானால் ஹென்றி ஒரு ஓட்டை போட்டான். ஓட்டையில் முள் இறங்கினால் பச்சை, இறங்காவிட்டால் சிவப்பு. பெட்டியின் அறிவு அவ்வளவுதான். ஆனால் ஹென்றி அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்து வைத்தான்: ‘மெஷின் பொய் சொல்லாது.’

பெட்டியை உழைப்பாளர் மனமகிழ் மன்றத்தில், கேரம் போர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மன்றத்தின் செயலாளர் வியாசர்பாடி பரசுராமன், சட்டம் பேசுவதில் சூரர். அவர்தான் விதி போட்டார். ஆட்டத்துக்குப் பத்து பைசா. தொடர்ந்து ஐந்து பச்சை வந்தால் ஒரு ரூபாய். பத்தும் பச்சையானால், பக்கத்தில் பூட்டி வைத்திருக்கும் கண்ணாடிக் கூண்டில் அதுவரை சேர்ந்த காசு முழுவதும். கிண்டிக்குப் போய்ப் பந்தயத்தில் விட்டுவிட்டு வருகிற ஆசாமிகள் அந்தக் கூண்டுக்கு ஜாக்பாட் என்று பேர் வைத்தார்கள். அதற்கு ஒரு எல்லையும் உண்டு. நூறு ரூபாய் நிறைந்துவிட்டால், மேற்கொண்டு விழுவதெல்லாம் மன்றத்தின் புத்தகச் செலவுக்கு.

“நூறோட நிறுத்திக்கணும். அதுக்கு மேல போச்சுன்னா போலீஸ்காரன் சூதாட்டம்னு எய்திகினு பூடுவான். அறிவுக்கு வெல குடுக்கலாம்பா, ஆசைய வளக்கக் கூடாது,” என்றார் பரசுராமன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாலு மாதத்தில் கூண்டு நூறைத் தொட்டது. எட்டு வரை, ஒன்பது வரை வந்தவர்கள் உண்டு. பத்து வரை போனவர் இல்லை. கேள்வி போட்டவன் என்பதால் ஹென்றி ஆடக் கூடாது. ஆனால் வேலை முடிந்ததும் நேரே மன்றத்துக்கு வந்து பெட்டி ஓரமாக நின்றுகொள்வான். ஒவ்வொருவருக்கும் சிவப்பு எரிய எரிய, அவன் முகத்தில் பச்சை எரியும். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு ஊரையே தோற்கடித்துவிட்ட சந்தோஷம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வால்டர் வந்து பத்து பைசா போட்டார். வால்டர் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுவது வேலை. இருபத்திநாலு வருஷமாக எண்ணுகிறார். அவர் எழுதிவிட்டால் மறு எண்ணிக்கை கிடையாது. சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரர், ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று பச்சை எரிந்துகொண்டே போனது. ஒன்பதாவது பச்சைக்குக் கேரம் ஆடியவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். உருளை சுழன்று பத்தாவது அட்டை வந்து நின்றது. ‘பத்துக் கற்பனைகளில் எட்டாவது எது?’ பைபிளில் கடவுள் கொடுத்த பத்துக் கட்டளைகளைத்தான் கிறிஸ்தவர்கள் கற்பனைகள் என்பார்கள். கீழே மூன்று பதில்: களவு செய்யாதே; பொய்ச்சாட்சி சொல்லாதே; பிறர் பொருளை விரும்பாதே.

“சாருக்கு அல்வா மாரி வந்துகீதுபா!” என்று கத்தினான் மூட்டை தூக்கும் கூலிக்காரன் சின்னப்பையன்.

வால்டர் யோசிக்கவே இல்லை. முதல் பொத்தானை அமுக்கினார். சிவப்பு எரிந்தது.

 சின்னப்பையன் வாய் சும்மா இருக்கவில்லை. “இன்னா சார், பொத்தான அமுக்கச் சொன்னா, நீ போய் களவுல கை வெச்சிட்டியே!”

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். ஹென்றியும் சிரித்தான். சின்ன வயதில் கத்தோலிக்கக் கோயில் ஞானோபதேச வகுப்பில் பிரம்படி வாங்கி மனப்பாடம் செய்தவன் அவன். ஏழு களவு, எட்டு பொய்ச்சாட்சி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாறாது.

“எங்க எண்ணிக்கையில அதான் எட்டு, ஹென்றி,” என்றார் வால்டர், குரலை உயர்த்தாமல்.

“மெஷின் பொய் சொல்லாது சார்,” என்று ஹென்றி பெயிண்டைக் காட்டினான்.

வால்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. திங்கட்கிழமையே துறைமுகக் கேட்டில் ‘களவு சார் வராரு, வழி வுடு’ என்று ஆரம்பித்தார்கள். நல்ல மனுஷனைத்தான் கேலி செய்யத் தோன்றும் நம் ஆட்களுக்கு. திருடனிடம் போய் இப்படி விளையாட மாட்டார்கள். பேர் சரக்குக் கொட்டகை கொட்டகையாகப் பரவியது. மூன்றாவது வாரம் ஒரு கொட்டகையில் பதினோரு சர்க்கரை மூட்டை குறைந்தது. வால்டர் எண்ணியதே அல்ல, வேறு யாரோ எண்ணியது. ஆனால் கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த மேலதிகாரி காதில் அந்தப் பேர் விழுந்தது. ‘அந்த ஆளை ஏன்யா எல்லாரும் களவுன்னு கூப்பிடறாங்க?’ என்று கேட்டாராம். அந்த நேரம் பார்த்து விளக்கம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மறுநாள் வால்டர் கையிலிருந்து எண்ணிக்கை நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, கிழிந்த சாக்கு தைக்கிற கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் அங்கேதானாம்.

செய்தியைக் கொண்டு வந்தவன் சின்னப்பையன்தான். முகம் செத்துப் போயிருந்தது. “நான் சும்மா டமாசுக்கு சொன்னேன் நைனா. அந்தாளு தலைய குனிஞ்சிகினு சாக்கு எண்ணிகினுகீறாரு. பாக்க பேஜாராகீது.”

ஹென்றிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ‘எங்க எண்ணிக்கையில’ என்று அவர் சொன்னது இப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. எண்ணுவதையே தொழிலாக வைத்திருக்கிற மனுஷன் பத்தில் எட்டு எது என்று தப்பாக எண்ணுவாரா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருவொற்றியூரில் இருந்த வால்டர் வீட்டுக்கு பஸ் ஏறினான். வால்டர் அவனை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். கோபத்தைக் காட்டியிருந்தால் ஹென்றிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பைபிளை எடுத்து யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து அவன் மடியில் வைத்தார்.

“எண்ணு,” என்றார்.

ஹென்றி விரல் வைத்து எண்ணினான். வசனத்துக்கு எண் இருந்தது. கற்பனைக்கு எண் இல்லை. இது ஒன்று, இது இரண்டு என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை. அவன் எண்ணியபடி எண்ணினால், வேறு தெய்வம் கூடாது என்பதும் விக்கிரகம் செய்யாதே என்பதும் சேர்ந்து ஒன்று. கடைசியில் இருக்கும், பிறர் மனைவி மேலும் பொருள் மேலும் ஆசைப்படாதே என்பது இரண்டு. வால்டர் எண்ணியபடி எண்ணினால், முதலில் இருப்பது இரண்டு. கடைசியில் இருப்பது ஒன்று. எப்படி எண்ணினாலும் மொத்தம் பத்துதான் வந்தது. நடுவில் இருப்பவைதான் ஒரு இடம் தள்ளிப் போயின. களவு அங்கே ஏழு, இங்கே எட்டு.

“எனக்குத் தெரியாது சார். எங்க ஞானோபதேசத்துல இருந்தத போட்டேன்.”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்,” என்றார் வால்டர். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்தார். “ஒண்ணு யோசிச்சுப் பாத்தேன் ஹென்றி. ஜெயிச்சா நூறு ரூபாய்க்கு மேல போகக் கூடாதுன்னு எல்லை வெச்சீங்க. நல்லதுதான். தோத்தா ஒருத்தனுக்கு எவ்வளவு போகலாம்னு யாராவது எல்லை வெச்சீங்களா? நான் பத்து பைசான்னு நெனச்சுத்தான் போட்டேன்.”

 திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹென்றிக்கு, அந்த அட்டையை ஓசைப்படாமல் உருவி அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. இருநூறில் ஒன்று குறைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பெட்டியின் பேரும் கெடாது, தன் பேரும் கெடாது. வீட்டுக்கு வந்து ஃப்ளோரன்ஸிடம் விஷயத்தைச் சொல்லி, “நீயும்தானே எழுதின,” என்று பார்த்தான்.

“நான் மூணு பதிலையும்தான் எழுதுனேன். ஓட்ட போட்டது நீங்க,” என்றாள் அவள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

செவ்வாய்க்கிழமை மன்றக் கமிட்டி கூடியது. ஹென்றி நடந்ததைச் சொன்னான். தலைவர் ஸ்டானிஸ்லாஸ், கத்தோலிக்கர்களின் மாதா சங்கத்துக்கும் தலைவர், ஒப்புக்கொள்ளவில்லை. மெஷின் தீர்ப்பே முடிவு என்று விதி இருக்கிறது, ஒருத்தருக்கு மாற்றினால் நாளைக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்றார். அதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. எல்லோரும் பரசுராமனைப் பார்த்தார்கள். அவர் சாமி கும்பிடாதவர்.

“எனக்கு உங்க எட்டும் தெரியாது, அவங்க எட்டும் தெரியாது. பேரே கற்பனைன்னு வெச்சிகினுகீறீங்க, அதுல எது நெசம்னு நான் இன்னாத்த சொல்றது?” என்றார் அவர். “ஒண்ணு மட்டும் சொல்லு ஹென்றி. அன்னிக்கி செவப்பு எரிஞ்சது மெஷினாலயா, உன்னாலயா?”

 ஹென்றி எழுந்து போய்ப் பெட்டியின் பின்கதவைத் திறந்து அந்த அட்டையை உருவி எடுத்தான். சட்டைப் பையில் கொண்டு வந்திருந்த துளைப்பானால், எல்லோரும் பார்க்க, ‘களவு’க்குக் கீழே இரண்டாவது ஓட்டை போட்டான். அட்டையைத் திரும்ப மாட்டி, முதல் பொத்தானை அமுக்கினான். பச்சை. இரண்டாவதை அமுக்கினான். அதுவும் பச்சை.

“என்னாலதான்,” என்றான்.

கூண்டைத் திறந்து நூறு ரூபாயையும் வால்டருக்குக் கொடுப்பதென்று முடிவானது. மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தார்கள். வால்டர் வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கக் கூடாது? பத்துக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவர் அவர். ஆனால் வாங்கி வைத்துவிட்டு ஹென்றியைப் பார்த்தார்.

“அந்தப் பேரு பொறந்தது மன்றத்துல. ஆனா அது இப்ப குடியிருக்கறது கேட்டுல,” என்றார்.

காலை ஏழரை மணிக்குக் கேட்டில் அன்றைய வேலைக்கு ஆள் எடுப்பார்கள். நானூறு ஐந்நூறு பேர் நிற்பார்கள். கம்பெனி மேலதிகாரிகளும் அங்கேதான் இருப்பார்கள். வியாழக்கிழமை ஹென்றி அங்கே நின்ற ஒரு கை வண்டி மேல் ஏறினான்.  மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லாதவன்.

“வால்டர் சார் அன்னிக்கி சொன்ன பதிலு ரைட்டு!” என்று கத்தினான். “அவர் படிச்ச எண்ணிக்க வேற, நான் படிச்ச எண்ணிக்க வேற. தெரியாம ஓட்ட போட்டது நானு. நான் போட்ட ஓட்டைய மெஷின் சொல்லுதுன்னு சொன்னேன் பாரு, அது பொய்யி. அவர் எதுலயும் கை வெக்கல. பதினோரு மூட்டைக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல!”

 கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. “அப்போ எட்டாங் கற்பனைய மீறுனது நீயா?”

“ஆமா,” என்றான் ஹென்றி.

“எந்த எட்டு நைனா? உங்க எட்டா, அவங்க எட்டா?”

ஹென்றி கொஞ்சம் யோசித்தான். பொய்ச்சாட்சி எந்த எண்ணிக்கையில் எட்டு என்று அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? “எங்க எட்டுதான்,” என்றான்.

கேட்டே சிரித்தது. அவன் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் புதுப் பேர் தயாராகிவிட்டது.

மேலதிகாரி காதிலும் அது விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை வால்டர் எண்ணிக்கை நோட்டோடு கப்பலடிக்குத் திரும்பினார். ‘களவு சார்’ என்று அதற்குப் பிறகு ஒருத்தரும் கூப்பிடவில்லை. பழைய பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், அதைவிட ருசியான பேர் கிடைத்துவிட்டதே. பட்டறையில் பொய்ச்சாட்சி, மன்றத்தில் பொய்ச்சாட்சி, காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் அங்கேயும் பொய்ச்சாட்சி. ஹென்றி எல்லாவற்றுக்கும் ஏனென்று கேட்டுத் திரும்பிப் பார்த்தான். பெட்டி நெற்றியில் இருந்ததை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, ‘ஓட்டை போட்டது ஹென்றி. தப்பு இருந்தால் கேட்கவும்’ என்று எழுதி வைத்தான். அதைப் படித்துவிட்டும் ஆட்கள் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், கிரேனுக்கு ஒயர் மாற்ற அவன் கப்பலடிக்குப் போயிருந்தான். மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ‘பொய்ச்சாட்சி, இப்பிடிக்கா வா’ என்று மேலேயிருந்து ஒருவனும், ‘பொய்ச்சாட்சி, டீ சாப்டியா’ என்று கீழேயிருந்து ஒருவனும் கூப்பிட்டார்கள். வால்டர் மூட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப்பதினெட்டில் பென்சிலை நிறுத்தி, “ஹென்றி, தலைக்கு மேல கொக்கி வருது, பாத்து,” என்றார்.

ஹென்றி சட்டென்று நகர்ந்தான். துறைமுகத்தில் அவனை ஹென்றி என்று சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.