அணைய வேண்டிய வெளிச்சம்

பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்துப்போனதில் யுவராணிக்கு வருத்தம் ஏதுமில்லை. அது விட்டுப்போன வெளிச்சம் இன்னும் அடங்காமல் இருப்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். முனைவர் பட்டம் கைக்கு வந்தால்தான் வேலை நிரந்தரம். பட்டத்தின் கடைசி அத்தியாயம் அந்த நட்சத்திரத்தின் காமாக்கதிர் வெடிப்பை நம்பி இருந்தது. வெடித்த பிறகு எக்ஸ்-கதிரில் மிஞ்சும் ஒளி மெல்ல மங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் சடாரென்று சரியும். இந்த வெடிப்பில் சரிவு இதே வாரத்தில் வரும் என்று கருத்தரங்கில் அத்தனை பேர் முன்னால் அடித்துச் சொல்லிவிட்டாள். சும்மா இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து சேக்காட்டில் இருக்கும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் ஆராய்ச்சிக்கூடம். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் அளவுகள் மடிக்கணினித் திரையில் புள்ளிபுள்ளியாக விழுந்தன. அம்மா கோமளா, ரசப் பாத்திரம் வைக்க இடம் தேடி வந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, கீழ எறங்கிக்கிட்டே போகுது?"

"வெளிச்சம் மங்கிட்டு வருதும்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

கோமளா மகளின் முகத்தைப் பார்த்தாள். தூக்கமில்லாத, சோறு தண்ணியில்லாத முகம். பாத்திரத்தை அடுப்படிக்கே திருப்பிக்கொண்டு போனாள்.

எதிர்வீட்டு வேம்புலியம்மாள்தான் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாள்: "இன்னா யுவராணி, உன் நட்சத்திரம் எப்பிடி கீது? அதுக்கோசரம் உங்கம்மா அம்மன் கோயிலுக்கு நடையா நடந்துகினு கீது."

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. வேண்டிக்கொள்ளட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? இயற்பியல் விதி என்ன அம்மனுக்குப் பயந்தா நடக்கிறது?

வாரம் முடிந்தது. சரிவு வரவில்லை. புள்ளிகள் பழைய நிதானத்திலேயே இறங்கின. வழிகாட்டிப் பேராசிரியர் ஆக்னஸ் போனில் உற்சாகமாகவே பேசினார். "நாம நினைச்சதைவிட ரொம்பப் பெரிய வெடிப்பும்மா இது! இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்குது பாரேன். உன் அத்தியாயத்தை மட்டும் மறுபடி முதல்லேர்ந்து எழுதணும்."

யுவராணி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கோமளா, நெற்றி நிறையக் குங்குமத்தோடு உள்ளே வந்து, ஒரு உருண்டை மாவிளக்கு மாவை மகள் வாயில் திணித்தாள்.

"அணைஞ்சிருச்சா?"

வாய் நிறைய மாவோடு யுவராணி இல்லையென்று தலையாட்டினாள்.

"எனக்குத் தெரியும். அணையவே கூடாதுன்னு மாவிளக்கு நேர்ந்துக்கிட்டேன். கைவிடுவாளா அவ?"

யுவராணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாவை அவசரமாக விழுங்கினாள். "அம்மா! அது அணையணும்மா! அணைஞ்சாதான் எனக்குப் பட்டம், வேலை எல்லாம்!"

கோமளா கையிலிருந்த பிரசாதத் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்ததும் மகளுக்கு ஆத்திரம் போய்ப் பாவமாகிவிட்டது. யுவராணி வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அடுத்த தடவ வேற ஒண்ணு வெடிச்சா... மாத்தி வேண்டிக்கிறியாம்மா?"

"அணைஞ்சு போகணும்னு எந்தச் சாமிகிட்டடி போய்க் கேக்கச் சொல்ற?" என்றாள் கோமளா. "அது என்னால ஆகாது. நீ வேற பாடம் படி."