ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

டென்னிஸ் சம்மேளனத்தின் புள்ளிவிவரக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தபோது, இளையவள் தன் அக்காவின் புதுக் கண்ணாடிக் காம்பைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். மதியம் மூன்று மணி. கடையில் வேறு யாரும் இல்லை. எதிர் நாற்காலியில் மூத்தவள் மட்டும், கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மகாராணி என்று பத்திரிகைகள் எழுதும் வீராங்கனை ஞாயிற்றுக்கிழமை ஓய்வை அறிவிக்கப்போகிறாள் என்றார் வந்தவர். இருபத்தேழு பெரிய பட்டங்கள். முன்னூற்று நாற்பத்தொரு வாரங்கள் முதலிடம். களிமண் தரையில் தொடர்ந்து எண்பத்தெட்டு வெற்றிகள். எல்லாவற்றையும் சரிபார்த்தாயிற்று. மொத்த வெற்றிகள் மட்டும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நிற்கின்றன.

“அத்தனை ஜெயிச்சவளுக்கு இன்னும் ஒண்ணா? யானைப் பசிக்குச் சோளப்பொரி,” என்றாள் மூத்தவள்.

“அந்த ஒரு பொரி உங்க தங்கச்சிகிட்ட இருக்குங்க.”

“இவகிட்டயா? இவளுக்கு வீட்டுல ‘முதல் ரவுண்டு’ன்னுதான் பேரு. ரெண்டாவது ரவுண்டைப் பார்த்ததே கம்மி.”

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு மகாராணியும் இளையவளும் மோதவேண்டிய ஆட்டம் அது. இளையவள் ஆடாமலே விலகினாள் என்று பதிவாகியிருந்தது. ஆடாத ஆட்டம் வெற்றிக் கணக்கில் சேராது. ஒரே ஒரு சர்வ் போட்டபின் விலகியிருந்தாலும் சேரும். சென்ற மாதம் இறந்துபோன நடுவரின் அலமாரியில் அன்றைய ஆட்டத்தாள் கிடைத்திருக்கிறது. முதல் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

“தப்பான சர்வுக்கு அப்படித்தான் வைப்பாங்க. இல்ல, பென்சில் சும்மா பட்டிருக்கலாம். நீங்கதான் சொல்லணும்.”

மூத்தவள் முந்திக்கொண்டாள். “அன்னைக்கு இவ பந்தையே தொடலீங்க. அப்பாவுக்கு ரொம்ப முடியலைன்னு சொன்னதும் மட்டையைப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தா. ஆறு நிமிஷம். இவ வந்து சேர்றதுக்கு ஆறே நிமிஷம் முன்னாடிதான் உயிர் போச்சு. ‘சின்னவ வந்துட்டாளா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு மனுஷன்.”

இதை அவள் இத்தனை வருடங்களாக எல்லாரிடமும் சொல்லிவருகிறாள். தங்கையின் மாமியாரிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள்.

“அப்போ இல்லைன்னே எழுதிடலாம். எனக்கும் வேலை மிச்சம்,” என்று அவர் பேனாவைத் திறந்தார்.

இளையவள் காம்பைத் துணியால் துடைத்தாள்.

“அப்பா விஷயத்தைக் கோச் எனக்குச் சொன்னது மைதானத்து வாசல்ல. உள்ளே போறதுக்கு முன்னாடி,” என்றாள். “நான் உள்ளே போனேன். ஒரு சர்வ் போட்டேன். வலையில பட்டுச்சு. அப்புறம்தான் கிளம்பினேன்.”

லென்ஸின் எண்ணை வாசித்துக் காட்டும் குரலில்தான் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே, “பெரிய மைதானம். அதுக்கு முன்னாடி நான் அங்க ஆடினதே இல்ல,” என்றாள்.

அவர் நீட்டிய தாளில் இரண்டு இடங்களில் கையெழுத்துப் போட்டாள். “ஆயிரம்!” என்று கையை உயர்த்தியவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அந்தக் கையாலேயே பையை மூடினார். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இளையவள் சூடு காட்டும் இயந்திரத்தை அணைத்தாள்.

“காசு சுண்டிப் போடுவாங்களே, அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டாள் மூத்தவள்.

“ரெண்டு நிமிஷம்.”

“அப்புறம் உடனே ஆட்டமா?”

“இல்ல. அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் சும்மா அடிச்சுப் பழகணும்.”

“ஏழு,” என்றாள் மூத்தவள்.

இளையவள் கண்ணாடியை எடுத்து அக்காவின் முகத்தில் மாட்டினாள். குனிந்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டு, காம்பு சரியாகப் படிகிறதா என்று பார்த்தாள். எப்போதும் செய்வதுதான்.

“இறுக்குதாக்கா?”

“தெரியலடி.”