குதிகால் மெஷின்

சாராளின் மணிக்கட்டு உடைந்தது கம்பெனிக் கழிவறையின் ஈரத் தரையில். வழுக்கி விழுந்து கையை ஊன்றினாள், அவ்வளவுதான். "பாத்து நடக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டான் சூப்பர்வைசர் பரத். தரையைத் துடைக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கட்டுப் பிரித்தபோது கை குச்சியாக இருந்தது. கவரைப்பேட்டை பிசியோதெரபி பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்: பந்தைப் பிசை, மணல் அடைத்த பாட்டிலைத் தூக்கு, கேழ்வரகு சாப்பிடு, வெயிலில் நட. மறுபடி பேக்கிங் லைனில் நின்றாக வேண்டுமென்ற வெறியில் சாராள் ஒன்றையும் விடவில்லை. ஜெபம் பண்ணும்போதுகூடப் பந்தைப் பிசைந்தாள். பலம் வந்தது, வேலையும் திரும்பக் கிடைத்தது.

கிடைத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் பெண்களைச் சுவரோரம் நிறுத்தி, எலும்புக்குப் பலம் என்று குதிகாலை உயர்த்தி இறக்க வைத்தாள். எல்லாருக்கும் அது விளையாட்டாக இருந்தது, பிடித்தும் போனது. பிறகு கம்பெனியே எலும்பு முகாம் நடத்தியது. குதிகாலை உள்ளே வைத்தால் எலும்பின் திடத்தைச் சொல்லும் மெஷின் வந்தது. சாராளுக்கு 'நார்மல்' என்று வந்ததும் தலைகால் புரியவில்லை.

பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டும் செல்விதான் பின்வாங்கினாள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடே ஓடுகிறது.

"எனக்கு ஒன்னியும் இல்லக்கா. எதுக்கு சும்மா நோண்டிக்கினு?"

"தெரிஞ்சிக்கினா இன்னாடி தப்பு? என்னிய மாதிரி ஒடச்சிக்கினு உக்காரப் போறியா? வா."

தேறிய கையாலேயே அவளை இழுத்துப்போய், காலைப் பிடித்து மெஷினில் வைத்தாள்.

திங்கட்கிழமை செல்வியின் கார்டுக்கு கேட் திறக்கவில்லை. இன்னும் சில பெண்களும் வெளியே நின்றார்கள்.

"எலும்பு வீக்கா கீறவங்கள வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க," என்றான் பரத். "அவுங்க சேஃப்டிக்குத்தான்."

"எக்சர்சைஸ் செஞ்சா சரியாப் பூடும் தம்பி. அதுக்குத்தான டெஸ்ட்டு? பாத்ரூம் தரைய தொடச்சி வெச்சா எவளும் உழ மாட்டா."

"சரியானா வரட்டும். நீங்க நார்மல்தான, உள்ள போங்கக்கா."

சாராள் செல்வியைப் பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"போக்கா, லைன் ஆரம்பிச்சிடுவாங்க," என்றாள் செல்வி. கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது. நெடுஞ்சாலை நோக்கி நடந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் சுவரோரம் யாரும் வரவில்லை. கை கழுவ எழுந்த சாராள் பெண்களின் வரிசையைக் கடந்தபோது, நீட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் காலைச் சட்டென்று சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.