சிலந்திக்குப் படி கட்டியவர்கள்

1

இந்தக் கதை சமூக அக்கறையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பிறந்தது பெரம்பலூர் - அரியலூர் பஸ்ஸில். பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியை விலக்கிக் கணுக்காலில் ஒரு தழும்பைக் காட்டினார். "எங்கூரு கெணறு போட்ட கையெழுத்துங்க" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதிக்கு நானே பொறுப்பு.

முதல் வாக்கியம் இப்படி வந்தது: "1946. நீர்வளம் கொழிக்கும் அச்சிற்றூரில்..."

அடித்துவிட்டேன். கொழித்தது கரிசல் மண்ணும் கருவேலமும்தான். மாசி பிறந்தால் ஊரில் தண்ணீர் இருக்கும் ஒரே இடம் படிக்கிணறு. அதை வெட்டியவர் மணியக்காரர் நல்லுசாமியின் தாத்தா. மறந்துவிடப் போகிறார்களே என்று அதைக் கல்லில் பொறித்து வைத்தவரும் அவரே.

2

பொன்னம்மாள் அழகானவள் என்று எழுதத் தோன்றியது. (பருத்தி எடுக்கிற விரல்களைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.) காலையில் படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, குடத்தை நிரப்பி மேலேறுவாள். மேலே கீழத்தெருப் பூமாலை காத்திருப்பாள். அவள் தெருக்காரர்கள் படியில் கால் வைக்கக்கூடாது. குடத்தோடு குடம் முட்டாமல், உயரத்திலிருந்து பொன்னம்மாள் ஊற்றுவாள். ஊரில் இதற்குத் தருமம் என்று பெயர்.

பருத்தி வெடித்த வாரத்தில், மூன்றாம் வருடமாக, பொன்னம்மாளின் காலில் கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. நரம்புச் சிலந்தி. அந்தப் புழுவை ஈர்க்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை இழுக்க வேண்டும். அறுந்தால் கால் வீங்கிவிடும். நெருப்பாய் எரியும். தண்ணீரில் நின்றால் எரிச்சல் அடங்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள்.

3

பெரம்பலூரிலிருந்து ஹெல்த் இன்ஸ்பெக்டர் பஞ்சநாதன் கிணற்றடிக்கு வந்தார். இவரை லட்சியவாதி ஆக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சைக்கிள் செயின் கழன்று, கையெல்லாம் மசியோடு வந்து சேர்ந்த மனிதருக்கு அது அதிகம்.

"இந்தக் காலோட தண்ணியில நிப்பீங்களாம்மா?"

"நின்னா எரிச்சல் அடங்குதுங்க."

"சிலந்தி குஞ்சு விடறது அப்பத்தான். தண்ணிப்பூச்சி அதத் தின்னும். பூச்சியத் தண்ணியோட நீங்க குடிப்பீங்க. ஒரு வருசம் கழிச்சுக் கால்ல வரும்."

"யாரு கால்லங்க?"

"குடிச்சவங்க யாரு கால்லயும். துணிய ரெண்டா மடிச்சு வடிகட்டுங்க. தண்ணியில எறங்காதீங்க."

பொன்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே பூமாலை குடத்தோடு நின்றிருந்தாள். அவளுடைய ஏழு வயது மகள் முட்டி வீங்கித் தையிலிருந்து படுத்தே கிடந்தாள்.

4

படியை மூடிச் சுவர் எழுப்பி, ராட்டினம் போட்டு இறைக்கலாம் என்றார் பஞ்சநாதன். மணியக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ராட்டினம் மேல வந்துட்டா கவுத்த யாரு வேணும்னாலும் புடிப்பாங்க, இன்ஸ்பெக்டர் சார். படி இருக்கறதால ஒரு ஒழுங்கு இருக்கு."

"ஒழுங்கு இருக்குங்க. சிலந்தியும் இருக்கு."

"சிலந்தி வருசத்துல மூணு மாசம். ஒழுங்கு வருசம் பூரா."

[இவரை முட்டாள்தனமாகப் பேச வைக்க எவ்வளவோ முயன்றேன். மனிதர் தெளிவாகவே பேசுகிறார். பேசும்போது அவர் இடது காலிலும் ஈர்க்குச்சி சுற்றியிருந்தது.]

நோய்க்குக் காரணம் மக்களின் அறியாமை என்று எழுதிக்கொண்டு பஞ்சநாதன் சைக்கிள் ஏறினார். எந்த மக்கள் என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

5

மறுநாள் பொன்னம்மாள் கயிற்றோடு வந்தாள். படிப் பக்கம் போகவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து குடத்தை இறக்கி இறைத்தாள். முந்தானையை மடித்து வடிகட்டினாள். பூமாலை வழக்கம்போலக் குடத்தை நீட்டியபோது, ஊற்றாமல் கயிற்றை நீட்டினாள்.

"நீயே எற, பூமால."

"ஊரு என்னா சொல்லும், ஆயி?"

"போன வருசம் நான் ஊத்துன தண்ணிதான் ஓம் மவ முட்டியில நிக்குது. இனிமே என்னால ஊத்த முடியாது."

பூமாலை கயிற்றை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

6

முதல் முடிவு: படிகள் மூடப்பட்டன, ஊர் நலம் பெற்றது, பஞ்சநாதனுக்குப் பதவி உயர்வு. என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

இரண்டாம் முடிவு: பொன்னம்மாளை ஊர் தள்ளி வைத்தது, கிணற்றுக்குத் தீட்டுக் கழித்தார்கள், அனைவரும் பழையபடி ஒழுங்காக நொண்டினார்கள். நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.

நடந்த வரைக்கும் சொல்கிறேன். பூமாலையின் இரண்டாவது குடம் பாதிக் கிணறு ஏறியிருந்தபோது மணியக்காரர் நாலு பேரோடு வந்தார்.

"கவுத்த விடு."

பூமாலையின் கையில் கயிறு நழுவியது. குடம் சுவரில் மோதிற்று. பொன்னம்மாள் நொண்டிக்கொண்டே வந்து, அவள் கைக்கு மேலே தன் கையை வைத்துக் கயிற்றைப் பிடித்தாள்.

"விட்டா குடம் ஒடஞ்சிரும்ங்க" என்றாள்.

இதற்கு மேல் மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எந்தத் தெருவிலிருந்து நீங்கள் இதைப் படிக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. கயிற்றில் இன்னும் இரண்டு கைக்கு இடம் இருக்கிறது.